காட்டலாம், பார்க்கக் கூடாது: ஒரு பாடத்தின் விதிமுறையை முன்வைத்து

இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது புத்தகமும் இல்லை, சினிமாவும் இல்லை. ஒரு கல்லூரிப் பாடத்தின் விதிமுறைப் பக்கம். சிரிக்காதீர்கள். ஒரு வாரமாக அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் மாலன் நடத்தும் சிஎஸ்50 என்ற அறிமுகக் கணினிப் பாடம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சில வருஷம் முன்னால் சும்மா எட்டிப் பார்க்கப் போய், கடைசியில் முழுப் பாடத்தையும் முடித்தேன். அப்போது அதன் ‘அகடமிக் ஹானஸ்டி’ பக்கத்தை, சாஃப்ட்வேர் நிறுவும்போது ‘ஐ அக்ரீ’ பட்டனை அழுத்துகிற வேகத்தில் தாண்டிப் போய்விட்டேன். இப்போது அதைத் தேடிப் படிக்க வைத்தவன் என் அக்கா மகன். பி.இ. இரண்டாம் வருஷம். போனில் கேட்டான்: “மாமா, ஃப்ரெண்டோட சேர்ந்து யோசிச்சு, அப்புறம் அவங்கவங்க தனியா கோட் எழுதினா அது காப்பியா இல்லையா?”

உடனே பதில் சொல்ல வரவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக சாஃப்ட்வேரில் இருக்கிறேன். ஆபீஸில் தனியாக உட்கார்ந்து எழுதிய கோட் என்று ஒன்று கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் கல்லூரி கேட்பது வேறு கேள்வி ஆச்சே.

சிஎஸ்50 இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். முதலில் இரண்டே சொல்லில் தத்துவத்தைச் சொல்லிவிடுகிறது: நியாயமாக நடந்துகொள். அதற்குப் பிறகு வருகிற விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உதவி கேட்கும்போது உன் கோடை மற்றவரிடம் காட்டலாம், அவருடைய கோடை நீ பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். பிறகு எது நியாயம், எது நியாயமில்லை என்று இரண்டு பட்டியல். வகுப்புத் தோழனோடு பேச்சு வழக்கிலோ படம் போட்டோ ஒரு கணக்கை அலசலாம். வெளியிலிருந்து சில வரிகளை எடுத்து, எங்கே எடுத்தேன் என்று குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் மாட்டிக்கொண்டு முழிப்பது நீயாக இல்லாமல் உன் தோழனாக இருக்கும்போது, அவனுக்கு உன் விடையைத் தூக்கிக் காட்டக் கூடாது.

கவனியுங்கள். ஒரே செயல்தான். என் கோடை இன்னொருவனுக்குக் காட்டுகிறேன். நான் தடுமாறும்போது காட்டினால் அது உதவி கேட்பது. அவன் தடுமாறும்போது காட்டினால் தப்பு. கோட் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை விட்டுவிட்டு, புரியாமை யார் பக்கம் இருக்கிறது என்பதைப் பிடித்து விதி எழுதியிருக்கிறார்கள். நம் வேலையில் நல்ல கோட் ரிவ்யூ இப்படித்தான் நடக்கும். அனுபவமுள்ளவர் நம் திரைக்கு வந்து உட்கார்ந்து, “இந்த லூப் எப்போ நிக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். கீபோர்டைப் பிடுங்குகிறவரிடம் யாரும் எதையும் கற்றுக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த விதியின் பலம் 2023க்குப் பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. சாட்ஜிபிடி, கோபைலட் மாதிரியான வெளிக் கருவிகளைப் பாடம் தடை செய்தது. அதே சமயம் வாத்துப் பொம்மை வடிவில் தானே ஒரு ஏஐ உதவியாளரைக் கொடுத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடு. ஆனால் அந்த வாத்து நம் கோடைப் பார்க்கும், தவறு எங்கே இருக்கலாம் என்று வழி காட்டும், முழு விடையைத் தராதபடி அமைத்திருக்கிறார்கள். காட்டலாம், பார்க்கக் கூடாது. பழைய விதி புது விஷயத்துக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

சரி, பாராட்டு போதும். பொதுவாக ஒரு பாடத்திட்டத்தில் மூன்று பத்தி தனித்தனியாக இருக்கும். சேர்ந்து வேலை செய்வது பற்றி ஒன்று, மதிப்பெண் பற்றி ஒன்று, நேர்மை பற்றி ஒன்று. வாசிக்கிறவரும் தனித்தனியாகத்தான் வாசிப்பார். என் கட்சி, இந்த மூன்றும் ஒரே ப்ரோக்ராமின் மூன்று ஃபங்ஷன்கள் என்பது. மதிப்பெண் பத்தி ஒரு மதிப்பைத் திருப்பி அனுப்பும். மற்ற இரண்டும் அதை வைத்துத்தான் ஓடும். அது தப்பாக இருந்தால் மற்ற இரண்டையும் எவ்வளவு அழகாக எழுதினாலும் வேலைக்கு ஆகாது.

இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த சாட்சி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2012 டிசம்பரில் நடந்தது. பீட்டர் ஃப்ரோலிச் என்ற பேராசிரியர் கணினிப் பாடங்கள் நடத்தினார். அவருடைய மதிப்பெண் விதி இது: இறுதித் தேர்வில் வகுப்பிலேயே அதிகம் எடுத்தவருடைய மதிப்பெண்ணை நூறு சதவீதமாக வைத்து, மற்றவர்களை அதோடு ஒப்பிட்டுப் போடுவது. மாணவர்கள் அந்த விதியை நம்மைப் போல பக் தேடும் கண்ணோடு படித்திருக்கிறார்கள். எல்லோரும் பூஜ்யம் எடுத்தால்? அதிகபட்சம் பூஜ்யம். அப்போது எல்லோருக்கும் நூறு! தேர்வு நாளில் மொத்த வகுப்பும் ஹாலுக்கு வெளியே நின்றது. யாராவது ஒருத்தர் உள்ளே போய் எழுதிவிட்டால் மற்ற அத்தனை பேரும் அவுட். அதனால் கடைசி வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. பேராசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், எல்லோருக்கும் ‘ஏ’. பிறகு விதியை மாற்றிக்கொண்டார்.

இந்தக் கதையைப் பலரும் ஜோக்காகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் பட்டது வேறு. ஒப்பீட்டு மதிப்பெண் இருக்கும் வகுப்பில் ஒருவரையொருவர் நம்பி எல்லோரும் சேர்ந்து செய்த ஒரு காரியம், தேர்வை எழுதாமல் இருப்பது. பாடத்தில் அவர்கள் சேர்ந்து யோசிப்பதற்கு அந்த விதி எந்தக் காரணத்தையும் தரவில்லை. பக்கத்து சீட்டுக்காரனுக்கு நான் சொல்லிக்கொடுத்து அவன் முதலிடத்தைப் பிடித்தால், என் மதிப்பெண் இறங்கும். இந்த லட்சணத்தில் ‘கூடிப் படியுங்கள்’ என்று பத்தி எழுதி என்ன பிரயோஜனம்?

பிரின்ஸ்டன் இதையே பல்கலைக்கழக அளவில் செய்து பார்த்தது. 2004இல் ‘ஏ’ வரிசை கிரேடுகள் 35 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று ஒரு வழிகாட்டல் கொண்டுவந்தார்கள். வழிகாட்டல்தான், ஒதுக்கீடு இல்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். மாணவர்கள் ஒதுக்கீடாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து 2014இல் கைவிட்டார்கள்.

கூடிப் படிப்பது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியரின் வேலையைச் சொல்வேன். 1970களில் பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஆர்வமின்மை, குடும்பச் சூழல், பள்ளித் தரம், இப்படி. இவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். சீன மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து விடைகளைச் சரிபார்த்து, சண்டை போட்டு, கடினமான கணக்கை எல்லோரும் சேர்ந்து துரத்தினார்கள். கறுப்பின மாணவர்கள் 20 பேரில் 18 பேர் யாரோடும் சேர்ந்து படித்ததே இல்லை. நேர்மையாக, தனியாக, ஆசிரியர் சொன்ன மணி நேரம் முழுக்கப் படித்தார்கள். தோற்றார்கள். தனக்கு மட்டும்தான் வரவில்லையா, எல்லோருக்குமே கஷ்டமா என்று தெரிந்துகொள்ளக்கூட அவர்களுக்கு வழி இல்லை. பிறகு ட்ரைஸ்மன் நடத்திய குழுப் பயிலரங்குகள் அந்த நிலைமையை மாற்றின. இதைப் பற்றி 1992இல் அவர் எழுதிய கட்டுரையை முடிந்தால் தேடிப் படியுங்கள்.

இதைப் படித்த பிறகு ‘தனியாகச் செய், அதுதான் நேர்மை’ என்ற வாக்கியத்தை என்னால் பழைய மாதிரி வாசிக்க முடியவில்லை.

இன்னொரு பக்கம், தெளிவில்லாத விதி என்ன செய்யும் என்பதும் ஹார்வர்டிலேயே நடந்தது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் பற்றிய ஒரு பாடம். 279 மாணவர்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று எழுதும் இறுதித் தேர்வு. புத்தகம் பார்க்கலாம், குறிப்பு பார்க்கலாம், இணையம் பார்க்கலாம், ஆனால் வேறு யாருடனும் பேசக் கூடாது. முகம் தெரியாதவர் எழுதிவைத்த இணையப் பக்கத்தைப் படிக்கலாம், அறைத் தோழனிடம் கேட்கக் கூடாது! சுமார் 125 பேர் விசாரணைக்கு ஆளானார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்காலிகமாகக் கல்லூரியை விட்டு விலக வேண்டி வந்தது. எழுதிய விடைகளில் ஒரே மாதிரி வரிகள் இருந்தது உண்மை. அவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் வகுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், விழுந்தவர்களைப் பார்ப்பதோடு தரையையும் பார்க்க வேண்டாமா? ப்ரொடக்ஷனில் பாதி யூசர் ஒரே பட்டனைத் தப்பாக அழுத்தினால் நம் மேனேஜர் யாரைக் கேட்பார்?

சிஎஸ்50 இந்த விஷயத்தில் உஷார். மதிப்பெண்ணை ஒப்பீட்டு முறையில் போடுவதில்லை என்று பாடத்திட்டத்திலேயே சொல்லிவிடுகிறது. மற்றவர்களோடு ஒப்பிட்டு நீ எங்கே நிற்கிறாய் என்பதைவிட, ஆரம்பித்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்பதே முக்கியம் என்கிறது. அதனால்தான் அந்தக் காட்டலாம்-பார்க்கக் கூடாது விதி அங்கே மூச்சு விட முடிகிறது. நான் உனக்கு உதவினால் எனக்கு நஷ்டம் இல்லை.

அப்படியும் காப்பி நிற்கவில்லை. 2016இல் அந்தப் பாடம் எடுத்தவர்களில் 60க்கும் மேற்பட்டவர்கள் ஒழுங்கு மன்றத்துக்குப் போனதாக அங்குள்ள மாணவர் பத்திரிகையில் செய்தி வந்தது. ராத்திரி இரண்டு மணி, காலையில் கெடு, கோட் ஓடவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் தத்துவம் ஞாபகம் வராது.

பிடிப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம்மாட்களுக்குப் பிடிக்கும். கணினித் துறைகளில் பரவலாகப் பயன்படும் கருவியின் பெயர் மாஸ். (நம் தியேட்டர் மாஸ் இல்லை. ஒற்றுமையை அளப்பது என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சுருக்கம்.) அலெக்ஸ் ஐக்கன் 1994இல் உருவாக்கியது. இடைவெளி, கமென்ட் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, வேரியபிள் பெயர்களையெல்லாம் ஒரே குறியாக மாற்றிவிடும். மிச்சமிருக்கும் நீண்ட சரத்தைச் சிறு சிறு துண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாஷ் எண் கொடுக்கும். எல்லா எண்ணையும் வைத்துக்கொண்டால் இடம் போதாது. அதனால் ஒரு ஜன்னலை நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு ஜன்னலிலும் இருக்கும் மிகச் சிறிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதுதான் ப்ரோக்ராமின் கைரேகை. ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் இரண்டு ப்ரோக்ராமில் ஒரே பகுதி இருந்தால் இந்த முறையில் கட்டாயம் சிக்கும் என்று 2003இல் வந்த ஆய்வுக்கட்டுரையில் நிரூபித்திருக்கிறார்கள். வேரியபிள் பெயரை மாற்றினோம், ஃபங்ஷனை மேலே கீழே நகர்த்தினோம் என்பதெல்லாம் இதனிடம் செல்லாது.

ஆனால் இது சொல்வது ‘இரண்டும் ஒன்று போல இருக்கின்றன’ என்பதை மட்டும்தான். யார் எழுதியது, யார் எடுத்தது என்று சொல்லாது. அதை மனிதன்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று உருவாக்கியவரே சொல்கிறார்.

மனிதன் எப்படிப் பார்ப்பான் என்பது எனக்குத் தெரியும்.

1999. மூன்றாவது செமஸ்டர், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப். வட்ட வடிவ க்யூ எழுத வேண்டும். எனக்கு க்யூ நிரம்பியிருப்பதும் காலியாக இருப்பதும் ஒன்று போலவே வந்துகொண்டிருந்தது. இரண்டு நிலையிலும் முன், பின் குறிகள் ஒரே இடத்தில் வந்து நின்றன. என் ரூம்மேட் ரெக்கார்ட் நோட்டின் பின்னட்டையில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் வரைந்து, “ஒரு எடத்த எப்பவும் காலியா விட்டுடலாம்டா” என்றான். விட்டான். ஓடியது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன், கையில் இரண்டு அரியர். நான் இங்கிலீஷ் மீடியம், வகுப்பில் முதல் பத்துக்குள். ராத்திரி அவன் தூங்கிய பிறகு ஃப்ளாப்பியில் அவன் ப்ரோக்ராமை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ‘காலி’ என்று காட்ட வேண்டிய இடத்தில் அவன் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை விட்டிருந்தான். என்னுடையதிலும் அதே எழுத்து இல்லை. அந்தக் காலத்து மாஸ் அதுதான்.

லேப் சார் இரண்டு பேரையும் கூப்பிட்டு, இரண்டு பிரின்ட் அவுட்டையும் பார்த்தார். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இவனுக்கு ஏன்டா குடுத்தே?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அந்தச் சோதனைக்கு இன்டர்னலில் பூஜ்யம். எனக்கு, கொடுத்த குற்றத்துக்காக இரண்டு மார்க் குறைத்தார்.

சிஎஸ்50 பக்கத்தில் 2014இல் சேர்த்த ஒரு பகுதியை இனிமேல்தான் சொல்ல வேண்டும். ‘வருந்துதல் விதி’ என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். நியாயமில்லாத ஒன்றைச் செய்துவிட்டாயா? 72 மணி நேரத்துக்குள் நீயே வந்து சொல். அந்த அசைன்மென்ட்டுக்குப் பூஜ்யம் வரைக்கும் தண்டனை கிடைக்கலாம். ஆனால் விஷயம் பாடத்தோடு முடியும், மேலே போகாது, மறுபடி மறுபடி செய்தால் தவிர. மற்ற விதிகள் செய்வதற்கு முன் இருக்கும் மாணவனோடு பேசுகின்றன. இது செய்துவிட்டு விடியற்காலையில் உட்கார்ந்திருக்கும் மாணவனோடு பேசுகிறது. நான் பார்த்த வேறெந்தப் பாடத்திட்டமும் அவனிடம் பேசியதில்லை. மாலனும் சகாக்களும் பிறகு இதைப் பற்றி எழுதியதைப் படித்தேன். வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் வந்தவர்களிடம் பேசும்போது காப்பிக்குப் பின்னால் இருந்த வேறு நெருக்கடிகள் தெரியவந்தன என்கிறார்கள். நம்பக்கூடியதாக இருக்கிறது.

இதிலும் எனக்குச் சில குறைகள் உண்டு. ‘நியாயம்’ என்ற சொல்லே முதல் குறை. நோட்டைக் கொடுக்காதவன் கெட்டவன் என்று வளர்ந்த பையனுக்கு நியாயம் ஒன்று, வீட்டில் தனி மேஜை தனி விளக்கோடு வளர்ந்தவனுக்கு வேறு. பட்டியல் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள், ஓரளவுதான் முடிகிறது. அடுத்தது, ஒப்புக்கொள்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். பேராசிரியரிடம் போய் உட்கார்ந்து பேசத் தெரிந்தவன்தான் 72 மணி நேரத்தைப் பயன்படுத்துவான். சார் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவனுக்கு அந்தக் கதவு திறந்திருப்பதே தெரியாது. மூன்றாவது குறைதான் எனக்கு உறுத்துவது. எடுத்தவன் தன் தப்பைச் சொல்வதை மனதில் வைத்து எழுதிய விதி இது. தன் மேல் வர வேண்டிய தப்பு இன்னொருவன் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அக்கா மகனுக்கு வந்த பதில் இதுதான்: சேர்ந்து யோசி, பேப்பரில் படம் போடு, பேப்பரை அங்கேயே விட்டுவிட்டு வந்து தனியாக எழுது, யாரோடு யோசித்தாய் என்று மேலே ஒரு வரி போடு. “எங்க சார் அந்த வரியப் பாத்தா ரெண்டு பேருக்கும் ஜீரோதான் மாமா” என்றான். அவர்கள் கல்லூரியிலும் ஒப்பீட்டு முறைதானாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் லேப் வியாழக்கிழமை மத்தியானம். 72 மணி நேரம் என்றால் ஞாயிறு மத்தியானம் வரை. அப்படி ஒரு விதி எங்கள் கல்லூரியில் இருந்திருந்தால் நான் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் மேட்னி ஷோ போனோம். என்னிடம் காசு இல்லை, டிக்கெட் அவன்தான் எடுத்தான்.